சொல் போதும், ஆள் வேண்டாம்: 2006-இல் ஏஓஎல் தேடல் பதிவுகள் வெளியான நிகழ்வு

2006 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லின் ஆய்வுப் பிரிவு தன் தளத்தில் ஒரு தரவுத் தொகுப்பை ஏற்றியது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், கடவுச்சொல் கிடையாது. உள்ளே இருந்தவை மக்கள் தேடல் பெட்டியில் தட்டிய சொற்கள். அந்த ஆண்டு மார்ச் 1 முதல் மே 31 வரை, மூன்று மாதத்துத் தேடல்கள். 6,57,426 பேர், 3,63,89,567 வரிகள். புதிதாகத் தொடங்கிய தேடல்கள் மட்டும் 2,10,11,340. ஒரே சொல் பலமுறை வந்ததை ஒன்றாகக் கொண்டு எண்ணினால் 1,01,54,742 தனித் தேடல்கள்.

ஆகஸ்ட் 7-க்குள் கோப்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் நகல்கள் பரவிவிட்டன. அதில் தேடிப் பார்க்கவென்றே தனித் தளங்கள் முளைத்தன. 9-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், அந்தக் கோப்பில் வெறும் எண்ணாக இருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவரிடமே பேசி, செய்தி வெளியிட்டது.

பழைய இதழ்களின் தொகுப்புத் தளம் ஒன்றில் தேடல் பெட்டியைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. வருகிறவர்கள் என்ன தேடினார்கள், எது கிடைக்காமல் திரும்பிப் போனார்கள் என்று பார்ப்பேன். ஒரு தளத்தை நடத்துகிறவருக்கு அதைப்போல உதவும் பட்டியல் வேறில்லை. வாசகர் எந்தச் சொல்லோடு வருகிறார், நாம் எந்தச் சொல்லில் எழுதிவைத்திருக்கிறோம், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அது அப்படியே காட்டிவிடும். தேடலைப் பதிவுசெய்வது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஏஓஎல் எதைப் பதிவில் விட்டுவைத்தது, அது ஏன் ஆளைக் காட்டிக்கொடுத்தது என்று நெருங்கிப் பார்த்தால், நாம் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது என்று தெளிவாகும். அதற்காகவே இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

கோப்பின் அமைப்பு

ஒவ்வொரு வரியிலும் ஐந்து பத்திகள். முதலாவது பயனர் எண். இரண்டாவது அவர் தட்டிய சொற்கள். மூன்றாவது தேடிய நாளும் நேரமும், நொடி வரை. விடைகளில் ஒன்றை அவர் சொடுக்கியிருந்தால், அது பட்டியலில் எத்தனையாவது விடை என்பது நான்காவது. எந்தத் தளத்துக்குப் போனார் என்பது ஐந்தாவது.

வெளியிட்டவர்கள் கவனமே இல்லாமல் இருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பயனரின் கணக்குப் பெயரை நீக்கி அந்த இடத்தில் ஓர் எண் வைத்தார்கள். சொடுக்கிய பக்கத்தின் முழு முகவரியை வைக்காமல் தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். கூடவே வைத்த விளக்கக் கோப்பில், வணிகமல்லாத ஆய்வுக்கு மட்டுமே என்று எழுதினார்கள். தேடல்கள் வடிகட்டப்படவில்லை, ஆபாசச் சொற்கள் இருக்கும் என்றும் எச்சரித்தார்கள். படிக்கிறவர் முகம் சுளிக்கக்கூடுமே என்று யோசித்திருக்கிறார்கள். எழுதியவர் யாரென்று தெரிந்துவிடுமே என்ற யோசனை அந்த அளவுக்கு ஓடவில்லை.

நோக்கமும் கெட்டதல்ல. தேடலைப் பற்றி ஆராயும் பல்கலைக்கழகத்தாருக்கு உண்மையான மக்களின் உண்மையான தேடல்கள் கிடைப்பது அரிது. அவை பெரிய நிறுவனங்களின் கணினிகளுக்குள் பூட்டிக் கிடந்தன. ஏஓஎல் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு ஹாங்காங்கில் நடந்த ஒரு மாநாட்டில் தேடல் பழக்கங்களைப் பற்றிக் கட்டுரை படித்திருந்தார்கள். இந்தத் தரவைப் பயன்படுத்துகிறவர்கள் அதை மேற்கோள் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் முதலில் ஒரு சொல்லைத் தட்டுகிறார், வேண்டியது வரவில்லை, வேறு சொல் போடுகிறார், மறுபடி மாற்றுகிறார். அந்த மாற்றங்களை ஆராயத்தான் ஒரே ஆளின் தேடல்களை ஒரே எண்ணில் கோத்துவைத்தார்கள்.

கெடுதல் அந்த முதல் பத்தியில்தான் இருந்தது. இரண்டு கோடித் தேடல்களைக் கலைத்துக் கொட்டியிருந்தால் அது சொற்குவியல். எண்ணைச் சரடாக்கிக் கோத்ததும் ஒவ்வொரு சரடும் ஒரு மனிதரின் மூன்று மாத வாழ்க்கை ஆகிவிட்டது.

ஆள் அகப்பட்ட விதம்

நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்தவர் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த 62 வயதுக் கைம்பெண். அவர் பெயர் அன்றைய செய்தியிலேயே வந்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ கட்டுரைகளிலும் வந்தது. நான் எழுதப்போவதில்லை. கோப்பில் அவருக்கு இருந்த எண்ணையும் எழுதவில்லை. அந்த எண்ணைத் தேடல் பெட்டியில் இட்டால் முதல் விடையிலேயே பெயர் வந்து நிற்கும். பெயரை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தால், ஏஓஎல் செய்த அதே வேலையை நானும் செய்தவன் ஆவேன்.

அவரை அடையாளம் காட்டிய தடயங்களில் ரகசியம் எதுவுமில்லை. தன் ஊரில் தோட்ட வேலை செய்துதரும் ஆட்களைத் தேடியிருந்தார். தன் குடியிருப்புப் பகுதியில் எந்தெந்த வீடுகள் விலைபோயின என்று தேடியிருந்தார். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பலரைத் தேடியிருந்தார். ஊர் தெரிகிறது, தெரு ஏறக்குறையத் தெரிகிறது, குடும்பப் பெயர் தெரிகிறது. பிறகு தொலைபேசிப் புத்தகம் போதும். தனியாக எடுத்தால் இவற்றில் எந்தத் தேடலும் அவரைக் காட்டாது. ஓர் ஊரில் தோட்டக்காரரைத் தேடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரத்தில் அந்தக் குடியிருப்பைத் தேடியவர், அவர்களில் அந்தக் குடும்பப் பெயரைத் தேடியவர் என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஒருவரிடம் நின்றது.

பெயர் தெரிந்தவுடன் அதே சரடில் இருந்த மற்றவையெல்லாம் அவர் மேல் வந்து ஒட்டிக்கொண்டன. விரல் மரத்துப்போவது, அறுபது வயதில் தனியாக இருக்கும் ஆண்கள், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாய் எல்லாமும். செய்தியாளர் தேடல்களில் சிலவற்றைப் படித்துக் காட்டியபோது, இது என் சொந்த வாழ்க்கை முழுவதும் ஆயிற்றே, என் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரியாதே என்ற பொருளில் அவர் பேசினார். இதையெல்லாம் யாரும் கண்டுபிடித்திருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

இந்த நிகழ்வில் பெரும்பாலோர் கடந்துபோய்விடும் ஓர் இடம் இருக்கிறது. அவர் சரடில் நோய்ப் பெயர்கள் நிறைய இருந்தன: கை நடுக்கம், வாய் வறட்சி, மனநோய், புகையிலையால் உடம்புக்கு வரும் கேடு. கோப்பை மட்டும் பார்க்கிறவர், பாவம், எத்தனை நோய் இந்த அம்மாவுக்கு என்று நினைப்பார். உண்மையில் தோழிகள் தங்கள் உடல்நிலையைச் சொல்லிக் கவலைப்படும்போது அவர்களுக்காக உட்கார்ந்து தேடிக் கொடுப்பது அவர் வழக்கம். காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுப்பவரோ அந்த வரிகளைப் பார்த்திருந்தால் அவரைப் பற்றி எப்படி முடிவு கட்டியிருப்பார்கள்?

இன்னொரு சரடு வேறு விதமாகப் பேசப்பட்டது. மனைவியைக் கொல்வது எப்படி என்று ஒருவர் தேடியிருந்தார். விபத்துப் படங்கள், பிணப் படங்கள் என்று பக்கத்திலேயே வரிசையாக இருந்தன. இணையத்தில் அவரைக் கொலைகாரன் என்றே பேசினார்கள். துப்பறியும் கதை எழுதுகிறவராக இருக்கலாம், செய்தியில் படித்ததைத் துருவியவராக இருக்கலாம், ஒரே கணினியில் வீட்டார் பலர் தேடியிருக்கலாம். கோப்பு அதைச் சொல்லாது. தேடல் பதிவு ஆளைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். அவர் மனத்தைத் தப்பாகக் காட்டும். இந்த இரண்டும் சேரும் இடம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது.

முன்னரே தெரிந்த ஆபத்து

பத்து ஆண்டுக்கு முன்பே இதற்கு எடுத்துக்காட்டு இருந்தது. மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளை, பெயரை நீக்கி, ஆய்வுக்காகக் கொடுத்தார்கள். அப்போது எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். வெல்டின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு ஸ்வீனியின் கையில் வந்துவிட்டது.

தேடலைப் பற்றியே ஒரு நீதிமன்றமும் பேசியிருந்தது. சிறுவர்களை ஆபாசத்திலிருந்து காப்பதற்கான ஒரு சட்டத்துக்கு ஆதரவாகச் சான்று திரட்ட அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் தேடல் நிறுவனங்களிடம் தரவு கேட்டது. ஏஓஎல், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் ஏதோ ஒரு வகையில் ஒத்துழைத்தன. கூகுள் மறுத்து வழக்காடியது. 2006 மார்ச் 17 அன்று நீதிபதி ஜேம்ஸ் வேர் தீர்ப்பளித்தார்: 50,000 இணைய முகவரிகளைக் கொடுக்கலாம், மக்கள் தட்டிய சொற்களைக் கொடுக்க வேண்டியதில்லை. மக்கள் தங்கள் பெயரையே தேடிப் பார்ப்பதுண்டு, அரசு தங்களுக்குத் தந்த சமூகப் பாதுகாப்பு எண்ணோ கடன் அட்டை எண்ணோ இணையத்தில் கிடக்கிறதா என்றும் தேடுவதுண்டு, ஆகவே அந்தச் சொற்களிலேயே ஆளைக் காட்டும் விவரம் இருக்கக்கூடும் என்று அவர் எழுதினார்.

அந்தத் தீர்ப்பு வந்த நாளும் பின்னால் வெளியான கோப்பின் மூன்று மாதத்துக்குள்தான் வருகிறது. நீதிபதி எச்சரித்த அன்று மக்கள் தட்டிய சொற்களும் ஆகஸ்டில் வெளியே வந்தன. பெயர்களும் எண்களும் அப்படியே இருந்தன.

பின்விளைவுகள்

ஏஓஎல் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. கல்வித் துறையினருக்கு உதவ எண்ணி நல்ல நோக்கத்தில் செய்தது, ஆனால் முறையாகச் சரிபார்த்திருந்தால் அந்த நிமிடமே நிறுத்தப்பட்டிருக்கும் என்று அதன் செய்தித் தொடர்பாளர் சொன்னார். நிறுவனத்தின் கணக்குப்படி, மே மாதத்தில் அதன் வழியாகத் தேடியவர்களில் சுமார் 1.5 சதவீதத்தினரின் பதிவுகள் கோப்பில் இருந்தன. ஆகஸ்ட் 21 அன்று தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி மொரீன் கவர்ன் பதவி விலகினார். வேறு இருவர் வேலையிழந்தார்கள். செப்டம்பரில் கலிபோர்னியாவில் கூட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். அது 2013-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

ஆய்வு உலகத்துக்கும் பெரும் இழப்பு. நிறுவனங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. சில ஆய்வாளர்கள் கையில் இருந்த ஏஓஎல் கோப்பைத் தொடலாமா கூடாதா என்று தயங்கி ஒதுக்கிவைத்தார்கள். தேடல்களைப் பகிர்வதற்கு எதிராகச் செய்யக்கூடிய வாதங்களிலெல்லாம் வலுவான வாதத்தை, பகிர விரும்பிய நிறுவனமே செய்துகொடுத்துவிட்டது.

வேறு வழி இல்லாமல் போகவில்லை. அதே 2006 மே மாதத்தில் கூகுள் தன் டிரெண்ட்ஸ் சேவையைத் திறந்தது. ஒரு சொல் எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் எந்த அளவுக்குத் தேடப்பட்டது என்று அது வரைபடமாகக் காட்டும். யார் தேடினார் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் 2011-இல் ஓர் ஆய்வுப் போட்டிக்குத் தேடல் பதிவுகளைக் கொடுத்தபோது சொற்களையே எண்களாக மாற்றிக் கொடுத்தது. ஒருவர் எத்தனை முறை மாற்றித் தேடினார், எதைச் சொடுக்கினார் என்று ஆராயலாம். எதைத் தேடினார் என்று படிக்க முடியாது. 2020-இல் மைக்ரோசாஃப்ட் ஓர்காஸ் என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் ஏறக்குறைய ஒரு கோடித் தனித் தேடல்கள். ஏஓஎல் கோப்பில் இருந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஓர்காஸில் பயனர் எண் கிடையாது, போதுமான அளவு வெவ்வேறு ஆட்கள் தேடாத தேடல்கள் நீக்கப்பட்டுவிட்டன. சொற்களும், அவற்றிலிருந்து மக்கள் போய்ச் சேர்ந்த பக்கங்களும் மட்டும் மிஞ்சின. எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் ஏற்றது என்று கற்றுக்கொள்ள அதுவே போதும்.

பெரிய நிறுவனங்கள் இன்று நம்மைப் போன்றவர்களிடமும் அதே வரம்பைக் கடைப்பிடிக்கின்றன. கூகுளில் எந்தச் சொல்லைத் தட்டி நம் தளத்துக்கு வந்தார்கள் என்பது ஒரு காலத்தில் நம் தளம் இயங்கும் கணினியான சேவையகத்துக்குத் தானாகவே வந்து சேரும். 2011 அக்டோபரில் கணக்கில் உள்நுழைந்து தேடுகிறவர்களின் சொற்களை கூகுள் மறைத்தது. 2013-இல் ஏறக்குறைய எல்லாருடையதையும் மறைத்தது. இப்போது தள உரிமையாளர்களுக்கு அது தரும் அறிக்கையில், இரண்டு மூன்று மாதத்தில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்கள் வருவதில்லை. தளம் நடத்துகிறவர்கள் இதைப் பற்றி இன்னும் குறைபட்டுக்கொள்கிறார்கள். நானும் பட்டவன்தான். ஏஓஎல் கோப்பைப் படித்த பிறகு குறைபடுவதில்லை.

நம் தேடல் பெட்டி

ஒரு தளத்துக்குள்ளேயே இருக்கும் பெட்டியில் தட்டுவது மட்டும் முழுவதாக நம் கைக்கு வருகிறது. பொறுப்பும் முழுவதாக நமக்கே. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு தரவாலோ அதன் தொடர்பாலோ ஒருவரை அடையாளம் காண முடியுமானால் அவரைப் பற்றிய அந்தத் தரவு தனிநபர் தரவு என்கிறது. பெயர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த அளவுகோலில் ஏஓஎல் கோப்பின் பல சரடுகள் தனிநபர் தரவே.

தமிழில் தேடுகிறவரைக் கண்டுபிடிக்க இன்னும் குறைந்த தடயம் போதும் என்பது என் அனுபவம். பழைய இதழ்களில் மக்கள் தேடுவது தாத்தாவின் பெயர், சொந்த ஊர், குலதெய்வக் கோயில். நம் பெயர்களில் முன்னெழுத்தே தந்தை பெயரைச் சொல்லிவிடும். ஒரு சிற்றூரின் பெயரும் ஒரு வீட்டுப் பெயரும் ஒரே சரடில் வந்தால் அந்த ஊர்க்காரர் எவரும் ஆளைச் சொல்லிவிடுவார். தொலைபேசிப் புத்தகம் கூடத் தேவைப்படாது.

நாம் எதையும் பதிவுசெய்யவில்லையே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: பதிவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான தளங்களில் தேடுசொல் பக்கத்தின் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும். சேவையகம் ஒவ்வொரு முகவரியையும், கேட்டவரின் இணைய இணைப்பைக் குறிக்கும் ஐபி எண்ணோடும் நேரத்தோடும், தன் அணுகல் பதிவேட்டில் எழுதிவைக்கும். ஐபி எண், சொல், நேரம்: ஏஓஎல் கோப்பின் முதல் மூன்று பத்திகளுக்கு நிகரானவை இவை. பக்கத்தில் வேறு நிறுவனத்தின் புள்ளிவிவர நிரலைச் சேர்த்திருந்தால் அந்த முகவரி அவர்களுக்கும் போகிறது. முதலில் திறந்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

என் தளத்தில் தேடுசொல் இப்போது முகவரியில் வருவதில்லை. படிவத்தின் உள்ளடக்கமாகப் போகிறது. சொல், அந்த மாதத்தில் எத்தனை முறை தட்டப்பட்டது, எத்தனை விடை கிடைத்தது என்ற மூன்றை மட்டும் சேமிக்கிறேன். ஆள் எண் இல்லை, ஐபி இல்லை, நாள்கூட இல்லை. தொடர்ந்து வரும் இலக்கங்கள் எதுவானாலும், கைபேசி எண்ணோ ஆதார் எண்ணோ, எழுதும் முன்பே வெட்டப்படும்.

பெரிய நிறுவனங்களைப் போல, சில டஜன் பேர் தேடாத சொல்லை விட்டுவிடுவது என்று வைத்தால் சிறிய தளத்தில் பட்டியலே காலியாகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று: ஒருவர் மட்டும் தேடிய அரிய சொல்தான் ஆளைக் காட்டுவது, தளத்தைத் திருத்த எனக்கு மிகவும் உதவுவதும் அதுதான். விடை கிடைக்காமல் போனவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இதற்கு நான் கண்ட வழி, விடை கிடைக்காத தேடலை முழுத் தொடராக வைக்காமல் சொல் சொல்லாகப் பிரித்துவிடுவது. ஊர்ப் பெயர், சொத்து, வழக்கு, ஓர் ஆளின் பெயர் என்று ஒருவர் சேர்த்துத் தட்டினால் பட்டியலில் அவை அகரவரிசையில் வெவ்வேறு இடங்களுக்குப் போய்விடும். யார் எதோடு சேர்த்துக் கேட்டார் என்பது எனக்கும் தெரியாது. தொடராகப் பார்த்தால் புரிந்திருக்கும் சில விஷயங்கள் இதனால் புரியாமல் போகின்றன. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

எண்ணும் முன் எழுத்துகளை ஒழுங்குபடுத்துவதும் தமிழில் கட்டாயம். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் ‘கொ’ என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும், கொம்பும் காலும் தனித்தனியாகவும். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு. சேர்த்து எண்ணாவிட்டால் ஒரே சொல் இரண்டு வரியாகப் பிரிந்துவிடும், பலர் தேடிய சொல் சிலர் தேடியதைப்போலத் தோன்றும். தஞ்சாவூர், தஞ்சை இரண்டையும் இணைப்பது அதற்கு அடுத்த வேலை. ‘தஞ்சாவூரில்’ என்று வேற்றுமை உருபோடு தட்டுகிறவர்கள் ஏராளம். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அதைவிட அதிகம்.

அணுகல் பதிவேடு ஏழு நாளில் தானாக அழிந்துவிடுகிறது. மாதக் கடைசியில் விடை கிடைக்காத சொற்களின் பட்டியல் என் மேசைக்கு வரும். போன மாதத்துப் பட்டியலில் மிகுதியாக இருந்தவை ழகர ளகரக் குழப்பங்களும் பழைய எழுத்து முறையில் தட்டிய ஊர்ப் பெயர்களும். அவற்றுக்கான மாற்றுச் சொல் அட்டவணையை எழுதி முடித்துவிட்டேன். இந்த வாரம் தளத்தில் ஏறுகிறது.